குட்டி லண்டனின் இரவுகள்

மலைநாட்டுக் குளிரைப் பற்றி இந்த நாட்டில் ஒரு மனப்பாடம் இருக்கிறது. கொழும்பிலிருந்து ரயிலேறி வருகிறவர் அதைச் சொல்கிறார். வகுப்பறையில் புவியியல் படிப்பிக்கிறவர் சொல்கிறார். தோட்டத்து வீட்டுக்கு எந்தக் கூரை போதும் என்று மேசையில் இருந்து முடிவெடுக்கிறவரும் அதையே சொல்கிறார். இலங்கை ஒரு தீவு, சுற்றிவரக் கடல், கடல் இருக்கும் இடத்தில் இரவு கடுமையாக இராது. மலையில் குளிர்கிறதென்றால் அது உயரத்தால்; ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை, கணக்கு முடிந்தது. நுவரெலியா குட்டி லண்டன். லண்டனைப் போலவே அங்கும் மிதமான சமுத்திரக் காலநிலை. குளிர் கூடினால் மழை மாதங்களில், ஆனி ஆடியில் கூடும். மற்றப்படி மலையகத்து ஆட்களுக்கு அது பழகிப்போன குளிர்.

தலவாக்கலையில் ஒரு லயத்துக் காம்பராவில் வளர்ந்தவன் நான். இந்த மனப்பாடத்தில் உயரத்தைப் பற்றிச் சொல்வது பாதி உண்மை. மிச்சமெல்லாம் பிழை. பிழையான பாடம் பரீட்சைத் தாளோடு போய்விட்டால் கவலையில்லை. இது கூரையாக, கம்பளியாக, விடியலில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டு நேரமாக மாறி மனிதர் மேல் விழுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தை மாதத்து விடியற்காலை ஒன்றைச் சொல்கிறேன். வெளியே மழையில்லை, மேகமில்லை, காற்றும் அசையாது. வானம் முழுக்க நட்சத்திரம். உள்ளே கூரைத் தகரத்தின் அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்து நிற்கும். ஒன்றோடொன்று சேர்ந்து கனத்ததும் படுத்திருப்பவர் நெற்றியில் சொட்டும். மழையே இல்லாத இரவில் கூரை ஏன் ஒழுகுகிறது என்று சிறுவயதில் எனக்கு விளங்கவில்லை. ஆடியில் ஒழுகினால் அது வானத்து மழை. தையில் ஒழுகுவது எங்கள் மூச்சு. ஒரே அறையில் படுத்த ஆறேழு பேரின் மூச்சு மேலே போய், எங்களைவிட, வெளிக்காற்றைவிடக்கூடக் குளிர்ந்து கிடந்த தகரத்தில் தண்ணீராகி, எங்கள் மேலேயே திரும்ப விழுந்தது. அந்தத் தகரம் எப்படிக் காற்றைவிடக் குளிர்ந்தது என்ற கேள்வியில்தான் முழு விசயமும் இருக்கிறது.

முதலில் பள்ளிக்கூடப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும், தரை சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறும். ஆகவே சமுத்திரக் காலநிலையில் இரவு இதமாக இருக்கும், கண்டக் காலநிலையில் இரவு குளிரும். முதல் வாக்கியம் சரி. இரண்டாவது, மாரிகாலத்துக்குச் சரி. கோடைகாலத்துக்கு அதைக் கொண்டுபோனால் கவிழ்ந்துவிடும். சரிபார்க்க நம்மவர்களுக்குப் புத்தகம்கூடத் தேவையில்லை. லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் சொந்தக்காரரை ஜூலை மாதத்தில் கேட்டால் போதும். சமுத்திரக் காலநிலைக்குப் பேர்போன லண்டனில் ஜூலை இரவின் சராசரித் தாழ் வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியஸ். கண்டக் காலநிலையுள்ள டொரன்டோ நகரில் ஏறத்தாழ 18. டொரன்டோவில் மின்விசிறி ஓடும், லண்டனில் போர்வை வேண்டியிருக்கும். டப்ளினில் அதே மாதத்தில் 12 பாகைக்கும் கொஞ்சம் குறைவு. கண்டத்தின் நடுவிலுள்ள சிக்காகோவில் 19 அளவு. பீஜிங்கில் 22க்கு மேல். அதே பீஜிங் ஜனவரி இரவில் பூச்சியத்துக்குக் கீழே ஏழெட்டுப் பாகைக்குப் போய்விடும் என்பதும் உண்மை. "கடல் இரவைச் சூடாக வைத்திருக்கும்" என்று பருவத்தைச் சொல்லாமல் படிப்பிப்பது பாதிப் பாடம்.

ஏன் இப்படி? இரவின் தாழ் வெப்பநிலை எங்கே போய் நிற்கும் என்பதைப் பெரும்பாலும் காற்றிலுள்ள ஈரம் தீர்மானிக்கிறது. சூரியன் போனதும் தரை தன் சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராக வானத்துக்கு விடுகிறது. காற்றில் நீராவி நிறைய இருந்தால், மேலே மேகமும் மூடியிருந்தால், அந்தச் சூட்டில் பெரும்பங்கு திரும்பிவிடும். காற்று குளிர்ந்து குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் இனித் தாங்காது, பனித்துளியாகும் என்ற நிலைக்கு வந்தால், நீராவி நீராகும்போது விடுகிற சூடு அந்த இறக்கத்தைத் தடுத்துப் பிடிக்கும். அந்த நிலைக்குப் பனிபடுநிலை என்று பெயர். ஈரமான ஊர்களில் இரவு வெப்பநிலை அநேகமாக அதற்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். சிக்காகோவுக்குக் கோடையில் வருவது மெக்சிக்கோ வளைகுடாவின் வெப்பமான ஈரக் காற்று. அதன் பனிபடுநிலை உயரத்தில் நிற்கும்; இரவும் அங்கேயே நிற்கும். லண்டனுக்கும் டப்ளினுக்கும் வருவது வட அத்திலாந்திக்கின் காற்று. அந்தக் கடலே கோடையில் 15, 16 பாகையைச் சுற்றித்தான் இருக்கிறது. கடலிலிருந்து வருவதாலேயே காற்று சூடாகிவிடாது. எந்தக் கடல், எவ்வளவு சூட்டில் இருக்கிற கடல் என்று கேட்க வேண்டும்.

ஓர் உதாரணம் போதும். சான் பிரான்சிஸ்கோ கடலோரத்து நகரம். முன்னால் குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிற பசுபிக். அதன் ஜூலை இரவு 12, 13 பாகை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஜூலை இரவும் 13 பாகைதான். ஒன்று மலையேறிப் பெற்ற குளிரைத்தான் மற்றது கடற்கரையிலேயே பெற்றிருக்கிறது.

கண்டத்தின் நடுவே வறண்ட நிலங்களில் கோடை இரவு வேகமாகக் குளிரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே குளிரவைப்பது வறட்சி, தெளிந்த வானம். நிலம் என்ற பெயருக்காக எதுவும் குளிர்வதில்லை. கடலுக்கு வெகு தூரத்திலுள்ள டில்லியின் ஜூன் இரவு 27, 28 பாகையில் புழுங்குகிறது. அதே டில்லி ஜனவரியில் சராசரி 7 பாகைக்கு இறங்குகிறது. டில்லியின் உயரம் 200 மீட்டர் சொச்சம். ஜனவரியில் நுவரெலியாவின் சராசரி இரவு சுமார் 9 பாகை. எட்டு மடங்கு உயரத்திலுள்ள எங்கள் ஊரைவிட டில்லி குளிர்கிறது என்றால், அட்சரேகையில் வெகு வடக்கே இருப்பதும் அதற்கொரு காரணம்தான், ஆனால் உயரம் என்ற ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்க முடியாது என்பது தெளிவு.

இனி எங்கள் மலைக்கு வருவோம். "ஆயிரம் மீட்டருக்கு ஆறரைப் பாகை" என்ற கணக்கையே போட்டுப் பார்ப்போம். கொழும்பின் ஜூலை இரவு ஏறத்தாழ 25 பாகை. நுவரெலியாவின் உயரத்துக்கு 12 பாகை கழிக்க வேண்டும். விடை 13. அளந்தாலும் 13. கணக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. பொருந்துவதன் காரணத்தைக் கவனியுங்கள். அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி அரபிக் கடலின் ஈரக் காற்றை மேற்குச் சரிவில் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. காற்று ஏறுகிறது, மேகமாகிறது, மலையை மூடுகிறது. தரைக்கு வானம் தெரியாது. தெரியாத வானத்துக்குச் சூட்டை இழக்க முடியாது. பகலில் 18 பாகையைத் தாண்டச் சிரமப்படும் வெப்பநிலை இரவிலும் 13க்குக் கீழே அதிகம் போகாது. பகலுக்கும் இரவுக்கும் இடையில் ஐந்தாறு பாகைதான். இத்தனைக்கும் லண்டனின் கோடை இரவு எட்டு மணித்தியாலம்கூட இல்லை. எங்கள் ஆடி இரவு பதினொன்றரை மணித்தியாலத்துக்கும் மேல். அவ்வளவு நேரம் கிடைத்தும் குளிர இயலாதபடி மேகம் போர்த்தியிருக்கிறது. ஆனி ஆடியில் மலைநாடு உண்மையாகவே சமுத்திரத்தின் பிள்ளை.

அதே கணக்கை ஜனவரிக்குப் போடுங்கள். கொழும்பின் இரவு 22. பன்னிரண்டைக் கழித்தால் 10. சராசரி 9. ஒரு பாகைதானே பிழை என்று தோன்றும். ஆனால் சராசரி என்பது மேகம் மூடிய இரவையும் தெளிந்த இரவையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிற வேலை. தெளிந்த இரவை மட்டும் பிரித்தெடுத்தால் நுவரெலியாவில் 3, 4 பாகை சாதாரணம். சில விடியல்களில் பூச்சியத்தையே தொடுகிறது. தெளிந்த இரவுகளில் உயரக் கணக்கு ஆறேழு பாகையாலாவது தோற்கிறது. தோற்கடித்தது யார்? தை, மாசியில் வடகிழக்கிலிருந்து வரும் காற்றில் மழை மெலிந்து, கண்டத்தின் வறட்சி கலந்துவிடுகிறது. அதன் மிச்ச ஈரத்தையும் மலையின் கிழக்குச் சரிவு வாங்கிக்கொள்கிறது. மேற்கே திம்புள்ள, தலவாக்கலை, லிந்துலைப் பக்கம் வந்து சேர்வது காய்ந்த காற்று. மேகம் விலகுகிறது. பகலில் 20, 21 பாகை வெயில். இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொட்டிவிடுகிறது. பன்னிரண்டு பாகைக்கு மேல் ஏற்ற இறக்கம். ஆடியில் சமுத்திரமாக இருந்த ஊர் தையில் கண்டமாகிவிடுகிறது. எங்கள் ஊருக்குக் காலநிலை ஒன்றல்ல, இரண்டு. அவை பருவத்துக்கொன்றாக வந்து போகின்றன.

உறைபனி விழுகிற இரவுகளில் இன்னொன்றும் நடக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மறுநாள் காலையில் நானுஓயா, அம்பேவெல, அக்கரப்பத்தனைப் பக்கங்களில் பள்ளத்து மலைத் தேயிலை கருகிக் கிடக்க, அதற்கு மேலேயுள்ள மேட்டுத் தேயிலை பச்சையாகவே நிற்கும். உயரம் கூடக் கூடக் குளிர் கூடும் என்ற விதி அந்த ஓர் இரவில் தலைகீழாகிறது. கங்காணிமாருக்கும் கவ்வாத்து ஆட்களுக்கும் எந்த நம்பர் மலை கருகும், எது தப்பும் என்று முன்கூட்டியே தெரியும். அவர்கள் யாரும் உயரத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. பள்ளத்தையும் வானத்தையும் பார்த்துச் சொல்கிறார்கள். வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் மேலே, நிழற்பெட்டிக்குள் இருக்கிறது. புல்லும் கொழுந்தும் தகரமும் நேரே வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. பெட்டிக்குள் 3 பாகை காட்டும்போது வெளியே இலையில் பனி உறைந்திருக்கும். எங்கள் கூரைத் தகரம் காற்றைவிடக் குளிர்ந்ததும் இதே வழியில்தான்.

"குட்டி லண்டன்" என்ற பெயருக்கு வருகிறேன். 1848இல் ஆங்கிலேயரான சாமுவேல் பேக்கர் வந்து குடியேறிய காலத்திலிருந்து, ஆங்கிலேயருக்குத் தங்கள் ஊரை நினைவூட்டிய இடம் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. இப்போது அதற்கு விஞ்ஞானச் சாட்சியும் தேடிக்கொள்கிறார்கள். கொப்பன் வகுத்த காலநிலைப் பாகுபாட்டில் லண்டனும் நுவரெலியாவும் ஒரே எழுத்தின் கீழ், சி.எஃப்.பி என்று வருகின்றன, ஆகவே இரண்டும் ஒன்று என்கிறார்கள். கொப்பனின் அளவுகோல் மாதச் சராசரியும் மழையும். பகலையும் இரவையும் கூட்டி வகுத்த பிறகு கிடைக்கிற எண்ணில் இரவு எங்கே இருக்கிறது? லண்டனில் ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையில் பன்னிரண்டு, பதின்மூன்று பாகை வேறுபாடு. நுவரெலியாவில் மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிரான மாதத்துக்கும் இரண்டு மூன்று பாகைதான். எங்கள் மாரியும் கோடையும் ஆண்டுக்குள் வருவதைவிட ஒரே நாளுக்குள் வந்து போகின்றன. ஒரு கூட்டத்தில் அதிகாரி ஒருவர், "ஆண்டுச் சராசரி 16 பாகை, ஐரோப்பாவில் இது கோடைக்காலம்" என்று சொல்லக் கேட்டேன். அவர் சொன்ன எண்ணில் பிழையில்லை. ஆனால் சராசரி 16 பாகையில் யாரும் தூங்குவதில்லை. விடியற்காலை நாலரை மணியின் பாகையில் தூங்குகிறார்கள், எழும்புகிறார்கள், பிரட்டுக்குப் போகிறார்கள்.

ஆடியில்தானே அதிகம் குளிர்கிறது என்று எங்கள் ஆட்களே சிலர் கேட்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதை வெப்பமானியை நீட்டி அடக்க நான் விரும்பவில்லை. ஆடிக் குளிர் பகலின் குளிர். நனைந்த படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, காற்றடிக்கிற மலையில், வெயிலே இல்லாமல் எட்டு மணித்தியாலம் கொழுந்தெடுக்கிற உடம்பின் குளிர். ஈரமும் காற்றும் உடம்பிலிருந்து சூட்டைப் பிடுங்குகின்றன. தைக் குளிர் வேறு. அது இரவின் குளிர், காய்ந்த குளிர். பத்து மணி வெயில் ஏறியதும் மறைந்துவிடும், ஆகவே பகலில் வந்து போகிறவர் கண்ணில் படாது. இரண்டு குளிருக்கும் இரண்டு மருந்து. ஆடிக்கு வேண்டியது மழையங்கியும் உலர்த்த ஓர் இடமும். தைக்கு வேண்டியது கூரைக்குக் கீழே ஒரு தடுப்பு. இரண்டையும் "மலைக் குளிர்" என்ற ஒரே பெயரில் அடைத்துவிட்டு, ஜூன் மாத மழைக்குக் கம்பளி பகிர்ந்து படம் எடுத்துக்கொண்டால் தை மாதத்தில் கைக்குழந்தைக்கு அது உதவாது.

தேயிலை வியாபாரம் இந்த வித்தியாசத்தை வெகு காலமாக அறிந்திருக்கிறது. திம்புள்ளத் தேயிலையின் தரமான பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. குளிர்ந்த தெளிந்த இரவும் காய்ந்த காற்றும் கொழுந்தின் வளர்ச்சியைக் குறைத்து மணத்தைக் கூட்டுகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில், வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளைச் சரிவுகளில் தரப் பருவம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. தலவாக்கலை மேகத்துக்குள் கிடக்கும்போது, ஈரத்தை எங்களிடம் இறக்கிவிட்ட அதே தென்மேற்குக் காற்று அங்கே காய்ந்த காற்றாக இறங்குகிறது. ஒரே தீவு, ஏறத்தாழ ஒரே உயரம், நடுவில் ஒரு மலைத்தொடர், ஆறு மாதம் தள்ளி இரண்டு பருவங்கள். உயரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் மணக்க வேண்டும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கப்பட்டது. தலவாக்கலையின் சென் கூம்ஸ் தோட்டத்தில், 1,382 மீட்டர் உயரத்தில் பல பதிற்றாண்டுகளாக இயங்குகிறது. கொழுந்துக்கு எந்த இரவு நல்லது, எந்த இரவு ஆகாது என்ற அக்கறை அங்கே உண்டு. அந்தக் கொழுந்தைக் கிள்ளுகிற கைக்கும் அதே அக்கறை வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நீலகிரியிலும் இதே கதை. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இங்கிருந்து அனுப்பப்பட்டவர்களில் பலர் அங்கே தேயிலைக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள். உதகையில் உறைபனி விழுவதும் மார்கழி, தை, மாசியின் தெளிந்த இரவுகளில். தென்மேற்கு மழை கொட்டும் ஆடியில் அல்ல. கடல் தாண்டிப் போனவர்களையும் அதே வானம் அதே மாதங்களில் பிடித்துக்கொண்டது.

"பழகிப்போச்சு" என்ற சொல்லுக்கு மட்டும் எனக்குப் பொறுமையில்லை. பழகுவது மனம். மூச்சுக்குழாய்க்கும் முழங்காலுக்கும் பழக்கம் கிடையாது. எழுபது வயதுப் பாட்டிக்கும் பிறந்து இரண்டு மாதமான பிள்ளைக்கும் பழக்கத்தைச் சொல்லி ஆறுதல் தர முடியாது. நம் முன்னோர் இதை எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார்கள் பாருங்கள்: தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும். ஆடியைச் சொல்லவில்லை, உயரத்தைச் சொல்லவில்லை. மாதத்தைச் சொன்னார்கள், தரையைச் சொன்னார்கள், கூரையைச் சொன்னார்கள். வெப்பத்தை இழக்கிற இரண்டு பரப்புகளும் அதில் இருக்கின்றன.

செய்யக்கூடியது பெரிதல்ல. புதிதாகக் கட்டுகிற தனி வீடுகளுக்கு ஓட்டுக்கோ தகரத்துக்கோ கீழே உட்கூரை கட்டாயமாக வேண்டும், அது அலங்காரமல்ல. பழைய லயங்களில் பலகையாவது அடிக்க வேண்டும். நுவரெலியா நகரத்து எண்ணை மட்டும் செய்தியில் வாசிப்பதை விட்டு, பள்ளத்துத் தோட்டங்களின் இரவு வெப்பநிலையையும் தை, மாசியில் நாள்தோறும் சொல்ல வேண்டும். உறைபனி எதிர்பார்க்கப்படுகிறது என்று மரக்கறித் தோட்டக்காரருக்கு எச்சரிக்கை வருகிறது; அன்றைக்குப் பிரட்டை ஒரு மணித்தியாலம் பிந்தி வைக்கச் சொல்லி ஓர் அறிவித்தலும் அதோடு வரலாம்.

இந்த மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய பங்களாக்கள் இன்றும் நிற்கின்றன. உள்ளே போனவர்களுக்குத் தெரியும்: பலகை அடித்த உட்கூரை இருக்கும், வரவேற்பறையிலும் படுக்கையறையிலும் கணப்படுப்பு இருக்கும், கூரைக்கு மேலே புகைபோக்கி இருக்கும். லண்டனை அறிந்தவர்கள்தான் அவற்றைக் கட்டினார்கள். அதே தோட்டத்தில், அதே வானத்தின் கீழே, சில நூறு அடி தள்ளிப் பத்தடிக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராக்களையும் அவர்களே கட்டினார்கள். அவற்றுக்கு உட்கூரை இல்லை.